குதிரைக்குச் சவாரி பிடிக்குமா? சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மெரினாவில் குழந்தையைக் குதிரையில் ஏற்றிவிட்டுக் கூடவே ஓடும் அம்மா, ஈசிஆர் பக்கம் குதிரையேற்றம் கற்க வரும் கல்லூரிப் பெண், கிண்டி ரேஸ் பார்த்துப் பழகிய பெரியவர் என்று யார் வந்தாலும், பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: "இதுக்கு இது பிடிக்குமாங்க?" நல்ல கேள்வி. குதிரைகளோடு பழகுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நேராகவே சொல்லுங்கள். ஆள் ஏறுவது குதிரைக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?

முதுகில் ஆள் ஏறுவதை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், அது பிடிக்கும் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. மேய்ச்சலில் விட்ட குதிரை, யாராவது வந்து ஏறமாட்டார்களா என்று ஏங்குவதில்லை. ஆனால் சவாரியோடு சேர்ந்து வரும் சில விஷயங்கள் அதற்குப் பிடிக்கும். லாயத்தை விட்டு வெளியே வருவது, மற்றக் குதிரைகளோடு நடப்பது, புது இடத்தை மோந்து பார்ப்பது, பழகிய ஆளின் குரல் எல்லாம் அதில் சேரும். வலியும் பயமும் இல்லாவிட்டால் பல குதிரைகள் சவாரியை நிம்மதியாக ஏற்றுக்கொள்கின்றன. வலி இருந்தால் வெறுக்கின்றன. அதனால் "குதிரைகளுக்குப் பிடிக்குமா" என்று பொதுவாகக் கேட்பதைவிட, இந்தக் குதிரைக்கு, இந்த ஆளோடு, இன்றைக்குச் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கான பதிலைக் குதிரையின் உடம்பிலேயே பார்க்கலாம்.

பிடிக்காவிட்டால் உதறித் தள்ளியிருக்கலாமே? நம்மைவிட ஏழெட்டு மடங்கு எடை உள்ள மிருகம் ஏன் ஏற விடுகிறது?

இரண்டு காரணங்கள். ஒன்று பரம்பரை. இன்றைய வளர்ப்புக் குதிரைகளின் மூதாதைகள் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய ரஷ்யாவில் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிகளிலிருந்து பரவியவை என்று 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அந்தக் குதிரைகளில் இரண்டு மரபணுக்கள் குறிப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஒன்று முதுகின் வலுவோடு தொடர்புடையது, இன்னொன்று சாந்தமான சுபாவத்தோடு. அதாவது சுமக்கத் தோதான, மிரளாத குதிரைகளைத்தான் மனிதன் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறான்.

இரண்டாவது, நாம் பழக்கும் முறை. கடிவாள வாரை இழுத்தால் வாயில் அழுத்தம், நின்றால் அழுத்தம் விடும். காலால் விலாவை அழுத்தினால் தொந்தரவு, நடந்தால் தொந்தரவு விடும். பெரும்பாலான குதிரைகள் கற்பது இப்படித்தான். சொன்னபடி செய்வதால் அதற்குக் கிடைக்கும் கூலி, ஒரு தொல்லை நிற்பது. இதை நிதானமாக, லேசான அழுத்தத்தோடு செய்தால் குதிரைக்குக் குழப்பம் இருக்காது. முரட்டுத்தனமாகச் செய்தால், பணிவு என்று நாம் பார்ப்பது வெறும் பயம்தான்.

குதிரையிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள், பதிலும் வந்திருக்கிறது. நார்வேயில் 23 குதிரைகளுக்கு மூன்று பலகைகளைக் காட்டிப் பழக்கினார்கள். ஒரு குறியைத் தொட்டால் மேலே போர்வை போடுவார்கள், இன்னொன்றைத் தொட்டால் கழற்றுவார்கள், வெற்றுப் பலகையைத் தொட்டால் இருப்பது அப்படியே இருக்கும். இரண்டே வாரத்தில் எல்லாக் குதிரைகளும் கற்றுக்கொண்டன. குளிரும் மழையும் உள்ள நாளில் போர்வை கேட்டன, இதமான நாளில் கழற்றச் சொல்லின. 2016-ல் வெளியான ஆய்வு இது. குதிரைக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும், கேட்கக் கற்றுக்கொடுத்தால் சொல்லவும் செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

சவாரியைப் பற்றியும் ஒரு சோதனை இருக்கிறது. இரண்டாகப் பிரியும் பாதையில் ஒரு பக்கம் போனால், ஏறியிருப்பவர் கழுத்தை மார்போடு மடக்கி இறுக்கிப் பிடித்து ஓட்டுவார். இன்னொரு பக்கம் போனால் சாதாரணமாக ஓட்டுவார். எந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று பழகிய பிறகு 15 குதிரைகளில் 14 சாதாரணப் பக்கத்தையே தேர்ந்தெடுத்தன. ஆள் ஏறியிருப்பது ஒன்றுதான், எப்படி ஓட்டுகிறார் என்பதில்தான் வேறுபாடு. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சவாரி நல்லதா கெட்டதா என்பது பெரும்பாலும் மேலே உட்கார்ந்திருப்பவரின் கையில் இருக்கிறது.

பிடிக்கவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். சேணத்தைப் போட்டு வயிற்றுப்பட்டையை இழுத்துக் கட்டும் நேரத்தைப் பாருங்கள். நிம்மதியான குதிரை காதைப் பக்கவாட்டில் தளர விட்டு நிற்கும், வேண்டுமானால் திரும்பி உங்கள் கையை மோந்து பார்க்கும். நிம்மதி இல்லாத குதிரையிடம் எல்லாம் வரிசையாக நடக்கும். சேணம் கண்ணில் பட்டதும் தலை உயரும். பட்டை முதல் துளைக்குப் போகும்போது காது பின்னால் படியும். இரண்டாவது துளையில் மூக்கின் ஓரம் சுருங்கும், வாலை ஒரு வீசு வீசும். மூன்றாவதில் பல்லைக் காட்டிக்கொண்டு உங்கள் முழங்கையை நோக்கித் திரும்பும். "இது எப்பவும் இப்படித்தான் சார், கொஞ்சம் திமிரு" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வயிற்றுப்புண்ணாக இருக்கலாம், முதுகு வலியாக இருக்கலாம், சேணம் பொருந்தாமல் இருக்கலாம். குதிரை முறையிடுகிறது, அவ்வளவுதான்.

ஏறிய பிறகு பார்க்க வேண்டியவற்றை இங்கிலாந்தின் கால்நடை மருத்துவர் சூ டைசன் ஒரு பட்டியலாகவே போட்டிருக்கிறார். அதில் 24 நடத்தைகள் இருக்கின்றன. காது நெடுநேரம் பின்னால் படிந்திருப்பது, கண்ணில் வெள்ளை தெரிவது, வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பது, நாக்கு வெளியே தொங்குவது, தலையை உதறுவது, வாலை அடித்துக்கொண்டே இருப்பது, தடுக்குவது, நகர மறுப்பது போன்றவை. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால், எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு காது பின்னால் போனதுமே பதற வேண்டாம், மேலே இருப்பவர் பேசுவதைக் கேட்கவும் காதைத் திருப்பும். தாடை இறுகி, மூக்குத்துவாரம் விரிந்து, காது தலையோடு ஒட்டிப் படிந்தால்தான் சிக்கல்.

நல்ல அறிகுறிகளும் உண்டு. கழுத்து தாழ்ந்து நீளும், வால் நடைக்கு ஏற்ப லேசாக ஊஞ்சலாடும், மூக்கால் புர்ரென்று மெல்ல ஊதும், கடிவாள இரும்பை அமைதியாக மெல்லும். இறங்கிய பிறகும் உங்கள் பக்கத்திலேயே நின்றால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில குதிரைகள் எதற்கும் அசையாமல் நிற்கின்றனவே. அவை சந்தோஷமாகத்தானே இருக்கின்றன?

அமைதி வேறு, மனம் விட்டுப்போவது வேறு. எவ்வளவு எதிர்த்தாலும் வலி நிற்காது என்று ஆனபிறகு குதிரை எதிர்ப்பதையே நிறுத்திவிடும். கண் திறந்திருக்கும், ஆனால் எதையும் பார்க்காது. காது அசையாது. ஈ உட்கார்ந்தாலும் தோலைச் சிலிர்க்காது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. "ரொம்ப சாது, குழந்தைங்களுக்கு ஏத்தது" என்று இதைத்தான் பல இடங்களில் காட்டுகிறார்கள். எனக்கு எகிறிக் குதிக்கிற குதிரையைவிட இப்படி நிற்கிற குதிரையைப் பார்த்தால்தான் மனசு கனக்கிறது. நிம்மதியாக இருக்கும் சாதுக் குதிரையின் காது சும்மா இருக்காது. குழந்தை சிரித்தால் ஒன்று, அலைச் சத்தத்துக்கு ஒன்று என்று திரும்பிக்கொண்டே இருக்கும்.

மெரினாவில் என் குழந்தை குதிரை ஏற அடம்பிடிக்கிறாள். ஏற்றலாமா?

எல்லாக் குதிரைக்காரரையும் ஒரே தட்டில் வைத்துப் பேச மாட்டேன். குதிரையைச் சொந்தப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த ஒரு குதிரையின் வருமானத்தில்தான் வீடு ஓடுகிறது. ஆனால் எந்தக் குதிரையில் ஏற்றுவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

ஏற்றும் முன் ஒரு நிமிஷம் சுற்றிவந்து பாருங்கள். விலா எலும்புகள் தூரத்திலிருந்தே எண்ணும்படி தெரிகின்றனவா? சேணத்தின் ஓரத்திலோ வயிற்றுப்பட்டைக்குக் கீழோ புண், முடி உதிர்ந்த திட்டு, திட்டுத்திட்டாக வெள்ளை முடி இருக்கிறதா? வெள்ளைத் திட்டு என்பது சேணம் அழுத்தி ஆறிப்போன பழைய காயத்தின் தடம். வாயோரம் வெடித்திருக்கிறதா? ஒரு குறிப்பிட்ட கால் ஊன்றும்போதெல்லாம் தலையை வெடுக்கென்று மேலே தூக்குகிறதா? அப்படியானால் நொண்டுகிறது. குளம்பு பிளந்திருக்கிறதா? நிழலும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கின்றனவா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தையும் மரியாதையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, பட்டைக்குக் கீழ புண்ணா இருக்கு, ஆறட்டும், அப்புறம் வர்றோம்." நாலு பேர் இப்படிச் சொன்னால் அந்தப் புண்ணுக்கு மருந்து விழும்.

எல்லாம் சரியாக இருந்தால், சாயங்காலம் வெயில் தணிந்த பிறகு, நடையில் மட்டும், ஈரமண் பக்கமாக ஏற்றுங்கள். ஆழமான காய்ந்த மணலில் கால் புதைந்து புதைந்து எழும்போது காலின் பின்பக்கத் தசைநார் அதிகமாக இழுபடும். அங்கே ஓட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். பெரியவர்கள் ஏறவே வேண்டாம், காரணம் அடுத்த பதிலில்.

எவ்வளவு எடையைக் குதிரை சுமக்கும்?

பொதுவாகச் சொல்லும் வரம்பு, குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதம். சேணமும் இதில் அடக்கம். 2008-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 25, 30 சதவீதம் ஏற்றியபோது இதயத்துடிப்பு கூடியது, மறுநாள் முதுகுத் தசையில் வலி தெரிந்தது. நல்ல வளர்த்தியான 500 கிலோ பந்தய இனக் குதிரை 100 கிலோ வரை தாங்கும். 300 கிலோ உள்ள சின்ன நாட்டுக் குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்தே 60 கிலோதான். அதன் மேல் 80 கிலோ ஆள் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்வது சரியில்லை, இரண்டு நிமிஷம்தானே என்றாலும்.

சேணம் இல்லாமல் ஏறினால் குதிரைக்குச் சுகமாக இருக்குமா?

தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ சிலையைப் பார்த்தவர்கள் இதைக் கேட்பார்கள். பிரான்சிஸ் சான்ட்ரி செய்து 1839-ல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் சேணமும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. பார்க்க அழகு. ஆனால் முதுகில் அழுத்தத்தை அளந்து பார்த்தால், வெறும் முதுகில் உட்காரும்போது நம் இடுப்பெலும்பு இரண்டும் படும் இடத்திலேயே பாரம் குவிகிறது. நன்றாகப் பொருந்தும் சேணம் அதைப் பரப்பிவிடுகிறது, முதுகெலும்பின் மேல் நேராகப் படாமலும் காக்கிறது. பொருந்தாத சேணம்தான் குதிரைக்கு எமன்.

கடிவாளம், சவுக்கு, லாடம் இதெல்லாம் வலிக்குமா?

லாடம் வலிக்காது. ஆணி இறங்குவது நம் நகம் போன்ற உணர்ச்சியற்ற ஓட்டில், அடிப்பவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும். கடிவாள இரும்பு வேறு கதை. குதிரைக்கு முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத வெற்று ஈறு உண்டு, இரும்பு உட்காருவது அங்கேதான். ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. மென்மையான கையில் அது ஒரு சைகை, இழுத்துத் தொங்கும் கையில் சித்திரவதை. ஏறத் தடுமாறுகிறவர்கள் வாரைப் பிடித்துத் தொங்காமல் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்வது நல்லது, அது குதிரைக்கு அவ்வளவாகத் தெரியாது.

சவுக்கடி குதிரைத் தோலுக்கு உறைக்காது என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் பொய். 2020-ல் ஆஸ்திரேலியாவில் குதிரைத் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டார்கள். மேல்தோலின் தடிமனிலும் அதில் உள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓர் ஈ உட்கார்ந்தாலே சிலிர்க்கிற தோல் அது.

சென்னை வெயில்?

எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம் இது. குதிரையின் உடம்பில் பெரும்பகுதி தசை, வேலை செய்தால் சூடு மளமளவென்று ஏறும். வியர்வையால்தான் அது தணிய வேண்டும். ஆனால் நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாமல் வழிந்து வீணாகும். கூடவே உப்பும் போகும். குதிரை வியர்வையில் உப்பு நம்முடையதைவிட அதிகம். சாதாரண நாளிலேயே 25 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கிற மிருகம், சித்திரை வைகாசியில் எவ்வளவு கேட்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, வெளியே பலருக்குத் தெரியாதது: வெப்பமும் புழுக்கமும் நிறைந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலை முடிந்து மற்றக் குதிரைகள் நனைந்து நிற்க, ஒன்று மட்டும் காய்ந்த தோலோடு, மூக்குத்துவாரம் விரிய மூச்சிரைத்து நிற்கும். பார்க்கிறவர் "இதுக்கு வேர்க்கவே இல்ல, நல்ல தெம்பு" என்பார். உண்மையில் அது உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. அந்தக் குதிரைக்கு உடனே நிழலும் மருத்துவரும் தேவை.

சூடேறிய குதிரையின் மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று பயப்பட வேண்டாம். உடம்பு முழுக்க, விடாமல் ஊற்றுங்கள். குடிக்கவும் கொடுங்கள். சவாரி காலை ஏழரைக்குள் முடிந்துவிட வேண்டும் என்பது கோடையில் நான் சொல்லும் கணக்கு.

பந்தயக் குதிரை ஓடுவதை விரும்புகிறதுதானே?

ஓட விரும்புகிறது, அதில் சந்தேகமில்லை. ஜாக்கி விழுந்த பிறகும் சில குதிரைகள் கூட்டத்தோடு கடைசிவரை ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் ஓடினால் தானும் ஓடுவது குதிரையின் பிறவிக் குணம், பின்தங்கியது புலி வாயில் என்று பழகிய இனம். ஆனால் ஓட விரும்புவதும் பந்தயத்தை விரும்புவதும் ஒன்றல்ல. குதிரையின் முதுகெலும்பு வளர்ந்து முடிய ஐந்தாறு வயது ஆகிறது, பந்தயத்தில் இறக்குவதோ இரண்டு வயதிலேயே. பயிற்சியில் உள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றுப்புண் இருப்பதாகத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேயும்படி அமைந்த வயிறு அது, அமிலம் ஓயாமல் சுரக்கும். புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் அந்த அமிலம் வயிற்றையே அரிக்கும்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை ஏற்பாடு செய்யலாமா?

சௌகார்பேட்டைக் கல்யாணங்களில் மாப்பிள்ளை குதிரையில் வருவது வழக்கம், இப்போது மற்றவர்களும் கேட்கிறார்கள். பேண்டு, செண்டை, பத்தாயிரம் வாலா, முகத்துக்கு நேரே விளக்கு. மிரண்டால் ஓடு என்று உடம்பு சொல்லும். ஓட வழியில்லாமல் நாலு பேர் பிடித்திருப்பார்கள். வேண்டாம் என்பதே என் பதில். தவிர்க்க முடியாவிட்டால் வெடியை நிறுத்துங்கள், மேளத்தை முப்பது அடி முன்னால் நடக்க விடுங்கள்.

யாரும் ஏறாமல் சும்மா விட்டுவிட்டால் குதிரை சந்தோஷமாக இருக்குமா?

எங்கே விடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மேய நிலம், கூட இரண்டு குதிரை, நடக்க இடம் இருந்தால் சவாரி இல்லாததால் எந்தக் குறையும் வராது. ஆனால் பத்துக்குப் பத்து அறையில் தனியாகக் கட்டிப்போட்டு "நான் ஏறுவதில்லை, பாவம்" என்றால் அது அன்பாகாது. அப்படி அடைத்து வைத்த குதிரைகள் மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கும், நின்ற இடத்தில் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு ஒரு மணி நேரச் சவாரியே வரம்.

ஏறாமலும் குதிரையோடு இருக்கலாம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், தேய்த்துவிடலாம். கழுத்தின் அடியில், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கு முன்னால் சொறிந்துவிட்டுப் பாருங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைகிறது என்று 1993-லேயே பிரான்ஸில் அளந்து காட்டினார்கள். சரியான இடத்தில் விரல் பட்டதும் மேலுதடு நீண்டு, முன்னால் துடித்துக்கொண்டே நிற்கும். பிடித்திருக்கிறது என்பதைக் குதிரை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

குதிரையேற்றம் கற்க ஆசை. நல்ல இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் கட்டும் முன் ஒருநாள் போய்ச் சும்மா நில்லுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பார்க்க முடிகிறதா, தினமும் அவிழ்த்து விடுகிறார்களா, எந்நேரமும் முன்னால் புல் கிடக்கிறதா, ஒரு குதிரை ஒரு நாளில் எத்தனை வகுப்பு நடக்கிறது என்று கேளுங்கள். முதல் வகுப்பிலேயே ஏற்றிவிடும் இடத்தைவிட, முதலில் தேய்க்கவும் குளம்பு சுத்தம் செய்யவும் கற்றுத்தரும் இடம் மேல். "இன்னிக்கு இதுக்கு முடியல, வேற நாள் வாங்க" என்று உங்களைத் திருப்பி அனுப்பும் பயிற்சியாளர் கிடைத்தால் விடாதீர்கள்.

குதிரையைக் கொடுமைப்படுத்துவதைக் கண்டால் என்ன செய்வது?

1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதற்கு விதை போட்டவர் நம் ஊர் கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவிலிருந்துதான் இது தொடங்கியது. அந்தச் சட்டத்தின் கீழ் 1965-ல் வந்த விதிகள், முள்ளோ கூர்முனையோ உள்ள கடிவாளத்தைச் சவாரிக்கும் சேர்த்தே தடை செய்கின்றன. வண்டி இழுக்கும், சுமை தூக்கும் விலங்குகளை ஒரு நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை வேலை வாங்கக் கூடாது என்றும் சொல்கின்றன. போட்டோ, வீடியோ, இடம், நேரம் குறித்துக்கொண்டு பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். 1959-லிருந்து சென்னையில் இயங்கும் புளூ கிராஸுக்கும் தெரிவிக்கலாம். சிகிச்சைதான் தேவை என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் குதிரைக்காரருக்குச் சொல்லுங்கள். பலர் செலவுக்குப் பயந்துதான் தள்ளிப்போடுகிறார்கள்.

ஏதாவது சாப்பிடக் கொடுக்கலாமா?

குதிரைக்காரரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். கேரட்டை வட்டமாக நறுக்காமல் நீளவாக்கில் நறுக்கினால் தொண்டையில் சிக்காது. உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து நீட்டுங்கள், விரலை மடக்காதீர்கள். மூக்குக்கு நேர் கீழே இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாது, உதட்டால் தடவித்தான் எடுக்கும். பஜ்ஜி, பிஸ்கெட், மிச்சச் சுண்டல் எதுவும் வேண்டாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, ஒத்துக்கொள்ளாதது உள்ளே போனால் வயிற்றுவலியில் உயிரே போய்விடும்.